இடையில் நின்ற சேனாதிபதி: ஜெனரல் திம்மையா

ஒரு சேனாதிபதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் வென்ற போர்களையே முதலில் எண்ணுவர். ஜெனரல் திம்மையா போர்க்களத்திலும் குறைவற்ற புகழ் பெற்றவரே. ஆயினும் அவர் வரலாற்றைப் படிக்கும்போது எமக்கு வியப்பளித்தது வேறொன்று. ஒருவரையொருவர் கொல்லத் துடித்து நின்ற இரு பகுதியாருக்கு நடுவே போய் நிற்கும் வேலை, பஞ்சாபிலும் கொரியாவிலும் சைப்பிரசிலுமாக மும்முறை அவரைத் தேடி வந்தது. சுடுவதற்கென்றே பயிற்றப்பட்ட ஒருவர் சுடாமல் நிற்கும் வித்தையை எங்கே கற்றார்? இதனை மனத்திற்கொண்டே அவர் வாழ்க்கையை இங்கு நோக்குகின்றோம்.

கொடந்தேர சுப்பையா திம்மையா 1906ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் குடகு நாட்டிலுள்ள மடிக்கேரியிற் பிறந்தார். குடகு எங்கே உள்ளது என்று கேட்கும் இளைஞருக்கு, காவிரி பிறக்கும் மலைநாடு என்று சொன்னாற் போதும். சோழநாட்டை வாழ்வித்த அந்த ஆறு தலைக்காவேரியில் ஊற்றெடுத்து இறங்குகிறது. குடகர் உழவும் வேட்டையும் போரும் தொழிலாகக் கொண்ட மக்கள். ஆண் குழந்தை பிறந்தால் வாசலில் நின்று துப்பாக்கி வெடி தீர்ப்பது அவர்கள் வழக்கம். நாம் ஆயுத பூசை செய்வதுபோல அவர்களும் ஆண்டிற்கொருமுறை ஆயுதங்களுக்குப் பூவிட்டு வழிபடுவர். ஆங்கிலேயரே இம்மக்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்களித்திருந்தனர். சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியப் பிரதம தளபதியான கரியப்பாவும் இச்சிறு நாட்டினரே.

திம்மையாவின் குடும்பம் கோப்பித் தோட்டம் உடையது. தாயார் கற்றவர், பொதுத் தொண்டுக்காக அரசாங்கத்தின் பதக்கம் பெற்றவர். எட்டு வயதிலேயே பிள்ளையைக் குன்னூரிலே ஐரிஷ் துறவியர் நடத்திய பாடசாலைக்கு அனுப்பினர். பின்னர் பெங்களூரில் பிஷப் கொற்றன் பாடசாலை. அங்கிருந்து தேராதூனில் இந்திய மாணாக்கரை இராணுவத்திற்கு ஆயத்தஞ் செய்யும் கல்லூரி. மிஷன் பாடசாலையிற் படித்த எம் போன்றோருக்கு இந்தப் பாதை நன்கு தெரிந்ததுதான். காலையில் ஆங்கிலச் செபமும், விடுமுறைக்கு வீடு சென்றால் குலதெய்வமும் விளக்கும். இரண்டையும் சுமந்து வளரும் பிள்ளை ஒன்றையும் முழுதாகத் தள்ளாமல், ஒன்றுக்கும் முழுதாக அடிமையாகாமல் நிற்கப் பழகிக்கொள்கிறான். திம்மையாவின் பிற்கால நிதானத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது துணிபு.

தேராதூனிலிருந்து இங்கிலாந்திலுள்ள சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இந்தியர் மிகச் சிலர். அவருள் ஒருவராகச் சென்று 1926இல் அதிகாரியாக வெளிவந்தார். முதலில் ஒரு ஸ்கொத்லாந்துப் படையுடனும், பின்னர் 19ஆம் ஐதராபாத் றெஜிமெந்தின் 4ஆம் பட்டாளத்திலும் சேவை செய்தார். இப்படைதான் இன்று குமாவுன் றெஜிமெந்து எனப்படுகிறது. வெள்ளையருக்கு நிகரான பதவி கிடைத்ததே அன்றி நிகரான மதிப்புக் கிடைக்கவில்லை. அவருடைய சட்டையில் அரசரின் முத்திரை இருந்தது. ஆயினும் அக்காலத்து வெள்ளையர் கழகங்கள் பலவற்றில் அவர் நுழைய முடியாது. வெளியே மகாத்மா காந்தியின் இயக்கம் மூண்டெழுந்தது. தம் நாட்டவர் சிறை செல்லும் காலத்தில் அந்நியனின் சம்பளம் வாங்குவது சரியா என்ற கேள்வி இளம் இந்திய அதிகாரிகளை வாட்டியது. திம்மையா அலகாபாத்தில் இருந்தபோது மோதிலால் நேருவைக் கண்டு பேசியதாகவும், நாளை சுதந்திரம் வரும்போது படை நடத்தத் தெரிந்த இந்தியர் வேண்டுமாதலால் பதவியை விடாதிருக்கும்படி அப்பெரியார் அறிவுரை கூறியதாகவும் அவருடைய சரித்திரம் எழுதியோர் கூறுவர். எப்படியாயினும் அவர் விலகவில்லை. விலகாததைக் கோழைத்தனம் என்று அன்று பேசியவர் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து அதன் பயன் தெரிந்தது.

1935இல் நீனா கரியப்பா என்னும் குடகுப் பெண்ணை மணந்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் குவெற்றா நகரை அழித்த பூகம்பத்தின்போது தம்பதியர் அங்கிருந்து மீட்பு வேலை செய்தனர். அதற்காக மனைவியார் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக மாணவர் பயிற்சிப் படையின் அதிகாரியாகத் திம்மையா நியமனம் பெற்றார். நம்மையொத்த பட்டதாரி மாணவருக்கு அணிவகுக்கக் கற்பித்த அந்நாட்களில் அவர் தமிழ் மண்ணிலே வாழ்ந்தார் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

இரண்டாவது உலக யுத்தத்தில் அவர் பெயர் எழுந்தது பர்மாவின் அரக்கான் கரையில். ஐதராபாத் றெஜிமெந்தின் 8ஆம் பட்டாளத்தை அவர் நடத்தினார். அதே 51ஆம் பிரிகேட்டின் மற்றை இரு பட்டாளங்களுக்கும் தோரட், சென் என்னும் இந்தியரே தலைவர். இந்தியரால் ஒரு கொம்பனிக்கு மேல் நடத்த முடியாது என்று முன்பு சொல்லி வந்தோருக்கு 1945இல் கங்கோவில் நடந்த போர் விடையளித்தது. மூவரும் டி. எஸ். ஓ. விருது பெற்றனர். சில மாதங்களில் திம்மையா 36ஆம் பிரிகேட்டின் தலைவரானார். அந்த யுத்தத்திற் போர்முனையில் ஒரு காலாட்படைப் பிரிகேட்டை நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. ஜப்பானியர் சிங்கப்பூரிற் சரணடைந்த வைபவத்திற்கும் அவர் அனுப்பப்பட்டார். பின்னர் ஜப்பானிலேயே ஓர் இந்தியப் பிரிகேட்டுக்குத் தலைமை தாங்கினார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவருடைய மூத்த சகோதரர் பொன்னப்பாவும் இராணுவ அதிகாரி. அவர் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே தாயின் கையால் உண்டு, ஒரே பாடசாலையிற் படித்த இருவர். ஒருவர் பேரரசின் கொடியின் கீழும் மற்றவர் அதற்கெதிரான கொடியின் கீழும் நின்றனர். இருவரும் இந்தியாவுக்காகவே நிற்பதாக நம்பினர். எவர் சரி என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரமாட்டோம். எதிர்ப்பக்கத்தில் நிற்பவனும் நேர்மையானவனாக இருக்கலாம் என்ற அறிவு திம்மையாவுக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்வோம்.

1947 ஓகஸ்டில் இந்தியா பிரிந்தது. பஞ்சாபில் இரத்த ஆறு ஓடியது. இரு நாடுகளுக்கும் பொதுவாக ஆங்கிலேயத் தளபதி ஒருவரின் கீழ் எல்லைப் படையொன்று அமைக்கப்பட்டது. அத்தளபதிக்கு ஆலோசகராக இந்தியாவின் சார்பில் நின்றோருள் திம்மையாவும், பாகிஸ்தானின் சார்பில் நின்றோருள் அயூப் கானும் இருந்தனர். எரியும் கிராமங்கள் ஆயிரம், காவலரோ சிலர். இந்துவும் சீக்கியரும் முஸ்லிமும் கலந்திருந்த அப்படையினரின் சொந்த ஊர்களே எரிந்துகொண்டிருந்தன. ஒரு மாதத்தில் அப்படை கலைக்கப்பட்டது. நடுவில் நிற்கும் முதல் முயற்சி தோல்வியே. பின்னர் 4ஆம் டிவிஷனின் தலைவராய், எல்லையின் இருபுறமும் நடந்த அகதிகளின் வரிசைகளைக் காக்கும் வேலை அவருக்கு வாய்த்தது.

1948இல் காஷ்மீர். இங்கு அவர் நடுவர் அல்லர்; ஒரு பக்கத்தின் போர்வீரர். மே மாதம் 24ஆம் நாள், விமானப் படையின் மெஹர் சிங் என்பார் ஒரு டக்கோட்டா விமானத்தை இமயத்திற்கு மேலாக ஓட்டிச் சென்று, 11,000 அடிக்கு மேல் உயரமுள்ள லே நகரத்தின் மணல் திடலில் இறக்கினார். அதுவரை எந்த விமானமும் இறங்கியிராத அவ்விடத்திற்கு அன்று கூடச் சென்றவர் திம்மையா. தலைவர் முதலில் ஏறினால் படையினர் தயங்கார் என்பது அவர் கொள்கை.

அதைக்காட்டிலும் பெரியது சோஜி லா கணவாய்ச் சண்டை. லடாக்கிற்குச் செல்லும் தரைப்பாதை 11,500 அடி உயரமுள்ள அக்கணவாயின் வழியே செல்கிறது. எதிரிகள் பாறைப் பொந்துகளில் இயந்திரத் துப்பாக்கிகளுடன் இருந்தனர். செப்டெம்பரிற் காலாட்படை ஏறிப் பார்த்துப் பெருஞ் சேதத்துடன் திரும்பியது. அவ்வுயரத்திற்குத் தாங்கிகளைக் கொண்டுசெல்லலாம் என்று யாரும் நினைத்ததில்லை. ஆகவேதான் திம்மையா அதை நினைத்தார். 7ஆம் குதிரைப்படையின் இலகு தாங்கிகள், பீரங்கிக் கூண்டுகள் கழற்றப்பட்டு, இரகசியமாகக் காஷ்மீருக்குள் கொண்டுவரப்பட்டன. கோவேறு கழுதைகள் மட்டும் நடந்த ஒற்றையடிப் பாதையைத் தாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையினர். தென்னாட்டு வெயிலில் வளர்ந்த அவ்வீரர் பனிக்காற்றில் நின்று பாறை உடைத்ததை வரலாற்று நூல்கள் ஓரிரு வரியிற் சொல்லிப் போய்விடுகின்றன. நவம்பர் 1ஆம் நாள், பனி தூவிக்கொண்டிருக்கத் தாங்கிகள் கணவாயில் ஏறின. முன் சென்ற தாங்கியில் டிவிஷன் தளபதியே இருந்தார். எதிரிகள் திகைத்துப் பின்வாங்கினர். அம்மாதத்திற்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. லேக்குச் செல்லும் வழி திறந்தது.

இத்தகைய போர்வீரரைத்தான் 1953இல் நேரு, போர் செய்யாத ஒரு படைப்பணிக்குக் கொரியாவுக்கு அனுப்பினார். மூன்றாண்டுக் கொரிய யுத்தம் அவ்வாண்டு ஜூலை 27இல் ஓய்ந்தது. ஓய்வதற்குத் தடையாய் நெடுநாள் நின்றது கைதிகள் பிரச்சினை. ஐக்கிய நாடுகள் பக்கம் பிடிபட்ட சீனரிலும் வட கொரியரிலும் சுமார் 22,600 பேர் ஊர் திரும்ப மாட்டோம் என்றனர். மறுபக்கம் பிடிபட்டவருள்ளும் அவ்வாறு சொன்னோர் 359 பேர். அவர்களுள் அமெரிக்கர் 23 பேர். இவர்கள் மனமார மறுக்கின்றனரா, மிரட்டப்பட்டு மறுக்கின்றனரா என்று அறிய ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சுவீடனும் சுவிற்சர்லாந்தும் ஒரு பக்கம். போலந்தும் செக்கோசிலோவாக்கியாவும் மறுபக்கம். தலைமை இந்தியாவுக்கு, தலைவர் திம்மையா. இருவர் ஆம் என்றால் மற்றை இருவர் அன்று என்பர். ஐந்தாவது கையின் சுமை எத்தகையது என்பதைச் சங்கக் கூட்டங்களில் தலைவர் நாற்காலியில் இருந்தவர்கள் ஓரளவு அறிவர்!

கைதிகளைக் காக்க மேஜர் ஜெனரல் தோரட்டின் தலைமையில் ஏறத்தாழ 6,000 இந்தியர் கப்பலிற் சென்றனர். தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ, இந்தியர் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார். ஆதலால் அவ்வளவு பேரையும் அமெரிக்க ஹெலிகொப்டர்களில் ஏற்றி, கப்பலிலிருந்து இரு படைகளுக்கும் இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தில் இறக்கினர். அங்கே கூடாரமடித்து, அவ்விடத்திற்கு ஹிந்த் நகர் என்று பெயரிட்டனர்.

முட்கம்பி வேலிக்குள் இருந்தவர்களோ வெறும் கைதிகள் அல்லர், கட்டுக்கோப்பான கட்சிகள். தலைவர்களின் சொல்லை மீறி ஊர் திரும்ப விரும்பியவனை இரவிலே தீர்த்துக் கட்டிய கூட்டமும் அவர்களிடையே இருந்தது. செப்டெம்பர் மாத இறுதியில் ஓர் இந்திய மேஜரைக் கைதிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டனர். துப்பாக்கி எடுத்தால் மேஜரும் மாள்வார், நூற்றுக்கணக்கானோரும் மாள்வர். தோரட் ஆயுதமின்றி வேலிக்குள் நடந்து சென்று, வந்த விருந்தினருக்குத் தேநீர் தரும் மரியாதைகூட இல்லையா என்று கேட்டு அமர்ந்து, பேசிப் பேசியே அவரை மீட்டு வந்தார். எல்லா நாட்களும் அவ்வாறு முடியவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் காவலர் சுட நேர்ந்தது. கைதிகள் சிலர் இறந்தனர்.

அதன்பின் எழுந்த கேள்விதான் திம்மையாவை உண்மையிற் சோதித்தது. தங்கள் நாட்டுப் பிரதிநிதிகளின் விளக்கத்தைக் கேட்கக் கைதிகள் கூடாரத்திற்கு வர மறுத்தனர். பலாத்காரமாக இழுத்து வருவதா? வராவிட்டால் உடன்படிக்கையின் எழுத்து நிறைவேறாது. இழுத்தால் இரத்தம் பெருகும். போலந்தும் செக்கும் உடன்படிக்கையைக் காட்டின. சுவீடனும் சுவிற்சர்லாந்தும் மனச்சாட்சியைக் காட்டின. ஓர் உயிரின் விருப்பத்தை அறிவதற்காக அவ்வுயிரையே பறிப்பதில் பொருளில்லை என்ற முடிவுடன் திம்மையா நின்றார். டிசெம்பர் 23இல் தவணை முடிந்தபோது விளக்கம் கேட்டவர் சிறு பகுதியினரே. மனம் மாறியவரோ மிகச் சிலர். 1954 ஜனவரியில், தாமாக விடுதலை செய்யும் அதிகாரம் தமக்கில்லை என்று கூறி, கைதிகளைப் பிடித்த பக்கத்தாரிடமே ஒப்படைத்தார். இரு பக்கமும் குறை கூறின. எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் மட்டும் இந்தியக் கப்பலேறும் வழியைத் தேர்ந்தனர். அவ்வாண்டு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

1957 மே மாதத்தில் அவர் இந்திய இராணுவத்தின் பிரதம தளபதியானார். அதற்குச் சற்று முன்புதான் கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாயினார். மேனன் கூர்மதியாளர், ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவின் நாவாக விளங்கியவர், தளபதிகளின் மனத்தைப் புண்படுத்துவதிலும் தேர்ந்தவர். தகுதி வரிசையைக் கடந்து சில அதிகாரிகளை உயர்த்த மந்திரி முனைந்தார். வடக்கே சீனரால் ஆபத்து வருகிறது என்ற தளபதியின் எச்சரிக்கை உரிய மதிப்பைப் பெறவில்லை. 1959 ஓகஸ்ட் 25இல் வடகிழக்கு எல்லையிலுள்ள லொங்ஜூ காவற்சாவடி சீனரிடம் விழுந்தது. ஓகஸ்ட் 31இல் திம்மையா பதவி விலகற் கடிதம் கொடுத்தார். நேரு அழைத்துப் பேசினார். அன்றே கடிதம் மீளப்பெறப்பட்டது. ஆயினும் மறுநாள் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டெம்பர் 2இல் நேரு பாராளுமன்றத்தில் எழுந்து, குடியியல் அதிகாரமே மேலானது என்று வற்புறுத்தி, மந்திரியைப் புகழ்ந்து, தளபதி செய்தது விவேகமன்று என்னும் பொருள்படப் பேசினார். தம்மை நம்பிக் கடிதத்தைத் திரும்பப் பெற்றவரை அவ்வாறு சபையிலே தனியே விட்டது நேருவின் பெருமைக்கு ஏற்றதன்று என்றே நாம் கருதுகின்றோம்.

திம்மையா கடிதத்தை மீட்காமலே இருந்திருக்க வேண்டும், அப்படியிருந்தால் நாடு விழித்திருக்கும், 1962இல் சீனரிடம் அவ்வளவு அவமானம் நேர்ந்திராது என்று பின்னர் பலர் எழுதினர். அவ்வாண்டு மலைகளிற் சிதறிய படைகளுள் அவர் ஒரு காலத்தில் நடத்திய 4ஆம் டிவிஷனும் ஒன்று. இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அக்காலத்தை நினைக்க வேண்டும். பஞ்சாபில் அவருடன் நின்ற அயூப் கான் 1958 ஒக்டோபரிற் பாகிஸ்தானின் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டார். அதே மாதத்திற் பர்மாவின் ஆட்சியும் ஜெனரல் நே வின் கைக்குப் போயிற்று. நமது இலங்கையிலும் 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சூழ்ந்தது மூத்தோருக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் ஆசியாவில் மக்களாற் போற்றப்பட்ட ஒரு தளபதி பிரதமருடன் முரண்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று உலகமே எதிர்பார்த்தது. அது இந்தியாவில் நடக்கவில்லை. அவமதிப்பை விழுங்கிக்கொண்டு, 1961 மே மாதம் தவணை முடியும்வரை வேலையைச் செய்து, சீருடையைக் களைந்து, மடிக்கேரிக்குத் திரும்பிக் கோப்பிச் செடிகளைப் பார்த்தார்.

அந்த ஓய்வும் நீடிக்கவில்லை. 1964 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபை அவரைச் சைப்பிரஸ் தீவின் அமைதிப் படைக்குத் தலைவராக அழைத்தது. 1960இல் விடுதலை பெற்ற அத்தீவில் கிரேக்க மொழியினர் பெரும்பான்மையினர். துருக்கி மொழியினர் சிறுபான்மையினர். அரசியல் அமைப்பை மாற்றும் பேச்சில் தொடங்கிய பிணக்கு, 1963 டிசெம்பரில் துப்பாக்கிச் சண்டையாயிற்று. துருக்கியர் ஊர்களை விட்டோடி ஒதுக்கிடங்களிற் குவிந்தனர். தலைநகரான நிக்கோசியாவில், ஆங்கிலத் தளபதி ஒருவர் படத்திற் பச்சைப் பென்சிலாற் கீறிய கோடு, இரு மக்களையும் பிரிக்கும் எல்லையாயிற்று. தீவில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

திம்மையா போய்ச் சேர்ந்த மறுமாதமே துருக்கி விமானங்கள் வடமேற்குக் கரையிற் குண்டு வீசின. அவரிடம் இருந்த படை பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டினர் கலந்த சில ஆயிரம் பேர். தற்காப்புக்கன்றிச் சுட அவர்களுக்கு அனுமதியில்லை. அங்கே அவர் செய்தவை பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்றவை அல்ல. எதிரெதிரே இருந்த காவலரண்களிற் சிலவற்றை இரு பகுதியாரும் கைவிடும்படி பேசுதல். அறுவடைக் காலத்தில் மற்றவர் துப்பாக்கிக்கு அஞ்சி வயலுக்குப் போகாத உழவனுக்குக் காவலாய் வீரரை வரப்பில் நிறுத்துதல். நிக்கோசியாவிலிருந்து கைரீனியாவுக்குச் செல்லும் பாதையில் வாகனங்களை வரிசையாக அழைத்துச் செல்லுதல். பஞ்சாபில் ஒரு மாதத்தில் உடைந்தது. கொரியாவில் நாலைந்து மாதம் தாங்கியது. சைப்பிரசில் அவர் இருந்த காலம் முழுவதும் பெரும்போர் மூளாமல் நின்றது. தீர்வு காண்பது அவர் வேலையன்று. தீர்வு காண வேண்டியவர்கள் பேசுவதற்கு நாட்களைச் சேர்த்துக் கொடுப்பதே அவர் வேலை. அந்நாட்களை அவர்கள் பயன்படுத்தவில்லை என்பது வேறு கதை.

1965 டிசெம்பர் 18ஆம் நாள், கடமையில் இருக்கும்போதே, மாரடைப்பினால் சைப்பிரசிற் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. உடல் விமானத்திற் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு இராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டது. 1966இல் சைப்பிரஸ் அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையை வெளியிட்டது. 1974இல் அத்தீவு படையெடுப்பினால் இரண்டாகப் பிளந்தது; அவர் நடத்திய அமைதிப் படை இன்றும் அந்தப் பச்சைக் கோட்டில் நிற்கிறது. மடிக்கேரியில் அவர் வாழ்ந்த வீடு 2021 முதல் நினைவுக் காட்சிசாலையாக விளங்குகிறது. சைப்பிரசின் தென்கரையில் உள்ள லார்னக்கா நகரத்திற் பெருந்தெரு ஒன்றுக்கு ஜெனரல் திம்மையாவின் பெயர். காவிரி பிறக்கும் ஊரில் அவருக்கு இட்ட அப்பெயரை அங்குள்ள பலகைகளிற் கிரேக்க எழுத்திற் காணலாம்.